புதுப்பிப்பு: துளசிப் பூவில் மொய்த்தது ஈயா, தேனீயா?

போன மாதம் பினாங்கு வீட்டுத் துளசியில் மொய்த்த குட்டிக் கறுப்புப் பூச்சி என்னவென்று கேட்டிருந்தேன். உதவிய எல்லாருக்கும் நன்றி. கொசுத்தேனீதான், இங்கே கெலுலுட் என்பார்களே, அதுவேதான்.

இறக்கையை எண்ணியது சரிப்படவில்லை. தேனீக்கு நாலு, ஈக்கு ரெண்டுதான். ஆனால் நாலும் ஒட்டிக்கொண்டு ரெண்டாகவே தெரிகிறது. "மீசையைப் பாருங்க" என்ற அண்ணன் சொன்னதுதான் கைகொடுத்தது. கைப்பேசியில் ஸ்லோமோஷன் எடுத்தேன்: முழங்கைபோல மடங்கிய நீள மீசை, பின்னங்காலில் மகரந்த உருண்டை. ஈயின் மீசை குட்டை. சுவர் வெடிப்பில் பிசின் குழாய் நீட்டிக்கொண்டு கூடும் இருந்தது.

எதிர்பாராதது: தேனீ என்று நான் அடித்துச் சொன்ன இன்னொரு பூச்சி, அந்த மஞ்சள் வரிக்காரன்தான் ஈ! அந்தரத்தில் அசையாமல் நிற்கும். கொசுத்தேனீ கொட்டாது, கூட்டை நோண்டினால் தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும். பட்டவன் சொல்கிறேன்.