ஏற்காடு போவதைக் கூடிப் பேசுவதற்கு என்ன சொல்?

அஸ்தம்பட்டி:
வணக்கம். புவியியல் மாணவர்களுக்குப் போக்குவரத்துப் பாடக்குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை ஜெராக்ஸ் கடைக்குப் போகணும், ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போக ஒரு குடும்பம் கிளம்புகிறது. அம்மாவுக்குச் சேர்வராயன் கோயில், பையனுக்குப் படகு, பெண்ணுக்கு பகோடா பாயிண்ட். கார் ஒன்றுதான். எத்தனை மணிக்கு, எங்கே முதலில் என்று பேசிப் பேசி ஒரு வழிக்கு வருகிறார்களே, அதற்குப் பெயர் வேண்டும். ஆங்கிலத்தில் நெகோஷியேஷன். போக்குவரத்தைக் கணிக்கும் பழைய மாதிரிகள் ஒவ்வொருவரையும் தனி ஆளாக எண்ணிவிட்டு, காருக்குச் சராசரி இத்தனை பேர் என்று கடைசியில் வகுத்துக்கொண்டன. இந்தப் பேச்சு அவற்றில் இல்லவே இல்லை. 'பேச்சுவார்த்தை' என்று போட்டால் போனஸ் தகராறு மாதிரி இருக்கிறது.

தாரமங்கலம்:
அம்மா, சொல் நம்மிடமே இருக்கிறது. குறள் 671: "சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்". சூழ்தல் என்றால் கலந்து எண்ணுதல்; அதன் முடிவு துணிவு. நீங்கள் சொல்லும் பேச்சு, முடிவு என்ற இரண்டு நிலையும் மூன்றே சீரில் அடங்கிவிட்டன. 'பயணச்சூழ்ச்சி' என்றே எழுதுங்கள்.

சூரமங்கலம்:
ஐயா, "குடும்பத்தினரின் பயணச்சூழ்ச்சியை விளக்குக" என்று வினாத்தாளில் வந்தால் பையன் கொலைக்கேஸ் என்று நினைப்பான். 'பேரம்' போதும். எல்லாருக்கும் புரியும்.

செவ்வாய்ப்பேட்டை:
மண்டியில் பிறந்து வளர்ந்தவன் சொல்கிறேன், பேரத்தில் காசு உண்டு. கோயிலை விட்டுக்கொடுத்த அம்மாவுக்குப் பையன் என்ன எண்ணி வைக்கிறான்?

சூரமங்கலம்:
அடுத்த வாரம் கடைக்குப் போய்வருவான், அதுதான் விலை. கணித அறிஞர் ஜான் நாஷ் 1950இல் எழுதிய பேரக் கணக்குக்கும் காசு அவசியமில்லை. பேச்சு முறிந்தால் அவரவர் கையில் என்ன மிஞ்சும் என்பதுதான் அதற்கு அடி. சொந்தமாக பைக் வைத்திருக்கும் பையனின் குரல் வீட்டில் ஓங்குவது அதனால்தான். விட்டுட்டுப் போனால் அவன் தனியாகப் போய்விடுவான், அம்மாவால் முடியாது.

அஸ்தம்பட்டி:
கணக்கு சரி, பாடத்திலும் சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் 'பேரம்' வகுப்பில் கொச்சையாக ஒலிக்கும். 'கலந்தாய்வு'? பிளஸ் டூ முடித்தவனுக்கு அது இன்ஜினியரிங் சீட்டு.

தாரமங்கலம்:
இடையில் ஒன்று. ஏற்காட்டை ஏரி + காடு என்கிறார்கள். அப்படியானால் ஏரிக்காடு என்றல்லவா புணரணும்? பால் + குடம் பாற்குடம் ஆவது போல, றகரம் வர நிலைமொழி ஈற்றில் லகரமோ னகரமோ வேண்டும். ஏல் + காடு. ஏல் என்றால் இசைதல். 'ஏற்பு' அதன் வழிவந்ததே. நீங்கள் தேடும் சொல் ஊர்ப்பெயரிலேயே கிடக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை:
ஐயா, ஊர்ப்பெயர் இலக்கணம் படித்தா வருகிறது? இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் அங்கே லகரம் தேடவேண்டாம். நான் சொல்வது 'இணக்கப்பேச்சு'.

சூரமங்கலம்:
அதில் இணக்கம் வந்தேவிட்டது போலத் தொனிக்கிறதே! வராமலும் போகலாம். அம்மாவின் வரிசை கோயில், படகு, பகோடா. பையனுக்குப் படகு, பகோடா, கோயில். பெண்ணுக்கு பகோடா, கோயில், படகு. இரண்டிரண்டாக வாக்கெடுங்கள்: கோயில் படகை வெல்லும், படகு பகோடாவை வெல்லும், பகோடா கோயிலை வெல்லும். மூன்றிலும் இரண்டுக்கு ஒன்று. பிரெஞ்சுக்காரர் கோந்தோர்சே 1785இல் காட்டிய சுற்று இது. இதற்கு இணக்கம் என்று பெயர் வைப்பதா?

செவ்வாய்ப்பேட்டை:
சமாதானப் பேச்சு என்கிறோம், எல்லாப் பேச்சும் சமாதானத்திலா முடிகிறது?

சூரமங்கலம்:
அது நியாயம். சரி, என் வாக்கும் அதற்கே. தூக்கம் வருகிறது.

அஸ்தம்பட்டி:
நன்னூலார் சொன்ன "இருவர் மாறுகோள் ஒருதலை துணிவே" என்று, இருவர் மாறுபட்டதில் ஒன்றைத் துணிந்து எடுத்துக்கொள்கிறேன். 'இணக்கப்பேச்சு' அச்சுக்குப் போகிறது. இன்னொன்றும் பாக்கி. ஒரே நேரம் ஒரே இடத்தில் ஆட்கள் சேர்ந்தால்தான் காரியம் நடக்கும் என்ற கட்டுப்பாட்டை 1970இல் ஸ்வீடன் நாட்டுப் புவியியலாளர் ஹேகர்ஸ்ட்ராண்ட் எழுதினார், கப்ளிங் கன்ஸ்ட்ரெயின்ட். தாரமங்கலம் ஐயா தனிமடலில் தந்த 'கூடற்கட்டு' அழகுதான், ஆனால் முதுகலை வகுப்பில் கடைசி பெஞ்சு சிரிக்கும். 'இணைவுக் கட்டுப்பாடு' என்றே விடுகிறேன்.

தாரமங்கலம்:
விடுங்கள். அதே நன்னூற்பாவில் ஏழாவது மதமும், அதாவது கொள்கையும், இருக்கிறது: "பிறிதொடு படாஅன் தன்மதங் கொளலே", பிறர் கருத்தோடு சேராமல் தன் கருத்தையே கொள்வது. என் வாக்கு சூழ்ச்சிக்கு. அடிக்குறிப்பிலாவது போடுங்கள்.