செஸ்டர்ஃபீல்ட் கோயிலின் முறுக்கிய கூம்பு: பழி பச்சை மரத்துக்கு மட்டும்தானா?

(இது ஒரு கேள்வி-பதில் உரையாடல். ஒவ்வொரு பகுதியின் தலைப்பும் அதைச் சொல்பவரின் புனைபெயர்.)

தூக்குக்குண்டு (கேள்வி)

இங்கிலாந்தில், டர்பிஷயரில் உள்ள செஸ்டர்ஃபீல்ட் பங்குக் கோயிலை (ஊரின் கிறிஸ்தவ தேவாலயத்தை)ப் பற்றி ஒரு கட்டுரை தயாராகிறது. சிலுவை வடிவக் கோயில், நடுவில் கல் கோபுரம், அதன் மேல் எண்கோண மரக்கூம்பு. கூம்பு 45 டிகிரி முறுக்கியிருக்கிறது. தரையிலிருந்து உச்சி 228 அடி. அந்த உச்சி, இருக்கவேண்டிய இடத்திலிருந்து 9 அடி 6 அங்குலம் தென்மேற்கே தள்ளி நிற்கிறது.

எதைப் புரட்டினாலும் அதே மூன்று காரணங்கள்தான்: கறுப்புச் சாவு எனும் கொள்ளைநோயில் கைதேர்ந்த தச்சர்கள் போய்விட்டார்கள், மிஞ்சியவர்கள் காயாத பச்சை ஓக் மரத்தைப் போட்டார்கள், மேலே 33 டன் காரீயத் தகடு உட்கார்ந்துவிட்டது. சாத்தான் கதைகளும் கூடவே வரும், அவற்றை விட்டுவிடுவோம்.

பச்சை மரம்தான் குற்றவாளி என்றால் பக்கத்து ஊர்க் கூம்புகள் ஏன் முறுக்கவில்லை? முறுக்கலும் சாய்வும் ஒரே நோயா, இரண்டா? கோயில் 1234 என்கிறார்கள், கூம்பு 1362 வாக்கில் என்கிறார்கள்; கட்டிய ஆண்டு என்று எதைப் போடுவது? கடைசியாக, இவ்வளவு தொழில்நுட்பம் இருக்கும்போது அதை ஏன் நிமிர்த்தவில்லை?

சட்டமும் கழுந்தும்

பச்சை மரத்தை முதலில் விடுதலை செய்துவிடலாம். அன்றைக்கு இங்கிலாந்தில் ஓக்கை வெட்டிய கொஞ்ச காலத்திலேயே செதுக்கி ஏற்றுவதுதான் வழக்கம். காய்ந்த ஓக் கோடரிக்கும் உளிக்கும் மசியாது. 30 செ.மீ. கனமுள்ள சட்டம் நடுவரை காய பத்து வருடத்துக்கு மேல் ஆகும். அதனால் நேராக நிற்கும் கூம்புகளும் பச்சை மரம்தான், பெரிய பேராலயங்களின் கூரைகளும் பச்சை மரம்தான்.

மரம் சுருங்கும் என்று அந்தத் தச்சர்களுக்கு நன்றாகவே தெரியும். கழுந்தை, அதாவது சட்டத்தின் முனையில் செதுக்கிய நாக்கை, அடுத்த சட்டத்தின் துளையில் செருகிய பிறகு மர ஆணி அடிப்பார்கள் அல்லவா, அந்த ஆணிக்கான ஓட்டையை நேருக்கு நேர் போடமாட்டார்கள். கழுந்தில் இருக்கும் ஓட்டை 2, 3 மி.மீ. தோள்பக்கம் (கழுந்து சட்டத்தோடு சேரும் பக்கம்) தள்ளி இருக்கும். ஆணியை மட்டும் காய்ந்த ஓக்கிலிருந்து, நார் அறுபடாமல் பிளந்து செதுக்குவார்கள். அடிக்கும்போது ஆணி லேசாக வளைந்து கழுந்தை உள்ளே இழுத்துப் பிடிக்கும். சட்டம் காய்ந்து சுருங்கினாலும் அந்தப் பிடி விடாது. முழுச் சட்டகத்தையும் பச்சையில் செய்து, ஆணியை மட்டும் காயவைத்து எடுப்பதில் இருக்கும் கணக்கைப் பாருங்கள்.

பச்சை ஓக்கில் ஈரம் 60 முதல் 80 சதவீதம். கூரைக்குள் சில ஆண்டுகளில் 16, 18க்கு இறங்கும். நார்ப் போக்கில் சுருக்கம் கிட்டத்தட்ட இல்லை. குறுக்கே, ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் நூற்றுக்கு ஆறு, ஏழு. நடுத்தண்டிலிருந்து வெளிநோக்கிய திசையில் அதில் பாதி. அதாவது நிற்கும் சட்டம் உயரம் குறையாது, படுத்திருக்கும் உத்திரம்தான் மெலியும். நிற்கும் சட்டங்களைப் படுத்த உத்திரங்களின் மேல் அடுக்கடுக்காக வைத்தால் ஒவ்வொரு அடுக்கிலும் ஒன்றரை, இரண்டு செ.மீ. இறங்கும்.

முறுக்கலுக்கு வருவோம். குறுக்குக்கட்டை இல்லாத நாலுகால் ஸ்டூலின் பலகையைப் பிடித்துத் திருகிப் பாருங்கள். காலெல்லாம் ஒரே பக்கமாகச் சாயும், பலகை சுழலும், எதுவும் உடையாது. கூம்பும் அப்படித்தான். எட்டு மூலைச் சட்டங்கள், இடையிடையே படுக்கைச் சட்டங்கள். இவை சேர்ந்து ஒவ்வொரு முகத்தையும் நான்கு பக்கக் கட்டங்களாகப் பிரிக்கின்றன. கட்டத்துக்குள் பெருக்கல் குறி போல இரண்டு சாய்சட்டங்கள் போட்டால் அது அசையாது. போடாவிட்டால் நான்கு மூலை ஆணிகளும் கீல் மாதிரி வேலை செய்யும். ஒரே திசையில் மட்டும் சாய்சட்டம் போட்டாலும் போதாது: இணைப்பு தளர்ந்ததும் அந்தப் பக்கமாகவே எட்டு முகமும் சாயும். எட்டும் ஒரே பக்கம் சாய்ந்தால் மேல் வளையம் சுழலாமல் என்ன செய்யும்? செஸ்டர்ஃபீல்டில் குறை சொல்லவேண்டியது இந்தக் குறுக்குச் சட்டப் பற்றாக்குறையைத்தான். கைதேர்ந்த தச்சர் போய்விட்டார் என்ற காரணம் இங்கேதான் பொருந்தும். 1349 வாக்கில் வந்த கொள்ளைநோய்க்கும் இந்தக் கூம்புக்கும் இடையில் பதின்மூன்று வருடம்தான்.

ஒரு வேடிக்கை: 45 டிகிரி என்பது எண்கோணத்தில் சரியாக ஒரு முகம். உச்சியருகே உள்ள ஒவ்வொரு மூலையும் அடியிலுள்ள பக்கத்து மூலைக்கு நேர் மேலே வந்து நிற்கும். மேலே மட்டும், கீழே மட்டும் படம் எடுத்து ஒப்பிட்டால் முறுக்கியதே தெரியாது. ஒரு மூலைக்கோட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மேலே ஓட்டினால்தான் பிடிபடும்.

காரீயம்

சட்டகத்தைப் பற்றிச் சொன்னதில் மறுப்பில்லை. ஆனால் தகட்டை வெறும் எடையாக மட்டும் எழுதிவிடாதீர்கள். 3.5 மி.மீ. கனமான காரீயத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 40 கிலோ. கூரைக்குப் போடும் மரச் சிம்புகள் அதில் பாதி கூட வராது. அதைவிட அது நகரும் விதம் முக்கியம். 2 மீட்டர் நீளத் தகடு, குளிர்கால இரவுக்கும் கோடை மதியத்துக்கும் இடையில் 50 டிகிரி மாறினால் ஏறக்குறைய 3 மி.மீ. நீளும். அடியில் உள்ள ஓக், நார்ப் போக்கில் அரை மி.மீ.தான். தெற்கு முகம் தினமும் நீண்டு சுருங்குகிறது, வடக்கு முகம் பாதி கூட இல்லை. சாய்வு தென்மேற்கே போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நீண்டது முழுதாகத் திரும்பி வராது என்பதுதான் காரீயத்தின் குணம். தன் எடையிலேயே மெல்ல வழியும். இன்றைக்குச் செங்குத்தான கூரையில் ஒரு தகட்டைச் சுமார் இரண்டேகால் மீட்டருக்கு மேல் நீட்டுவதில்லை. ஆணி மேல் விளிம்பில் மட்டும், கீழ் விளிம்பு மடிப்பில் சும்மா பிடித்திருக்கும். நாலு பக்கமும் ஆணி அடித்தால் நடுவில் உப்பி, மடிந்து, மடிந்த இடத்தில் விரிசல் விடும். அந்த விரிசலில் இறங்கும் தண்ணீர் வெளியே தெரியாது, சட்டத்தின் அடிக்கட்டையில் போய் அழுகலாகத்தான் தெரியும்.

அடிப்பக்கமும் பார்க்கவேண்டும். ஓக்கிலிருந்து வரும் அமில ஆவியும் தகட்டின் உட்புறம் வியர்க்கும் நீரும் சேர்ந்தால் காரீயம் வெள்ளைப் பொடியாக உதிரும். வெளியே பளிச்சென்று இருக்கும் தகடு உள்ளே காகிதமாக இளைத்திருக்கும். தகட்டுக்கு அடியில் உள்ள பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட்டுக் காற்றோட்டம் கொடுப்பதைத் தவிர இதற்கு நல்ல மருந்து இல்லை.

அந்தக் கூம்பில் தகடுகளை மீன்முள் வரிசையில் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் ஒரு கோடு, இரண்டு பக்கமும் சாய்வான பட்டைகள். அதனால் எட்டு முகம் பதினாறு போலக் கண்ணுக்குப் படும், முறுக்கலும் உள்ளதைவிடக் கூடுதலாகத் தோன்றும். படத்தைப் பார்த்துக் கோணம் அளக்கிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

தூக்குக்குண்டு

இருவருக்கும் நன்றி. அப்படியென்றால் "முறுக்கியது சட்டக் குறை, சாய்த்தது வெயில்" என்று எழுதிவிடலாமா?

சட்டமும் கழுந்தும்

அவ்வளவு சுத்தமாகப் பிரிக்கமுடியாது. தோராயமாக ஒரு கற்பனைக் கூம்பை எடுத்துக்கொள்வோம்: அடி அகலம் 6 மீட்டர், உயரம் 40 மீட்டர், ஐந்து அடுக்கு. தெற்குப் பக்க உத்திரங்கள் வடக்கைவிட அடுக்குக்கு 2 செ.மீ. கூடுதலாக மெலிந்தன என்று தாராளமாகவே வைத்தாலும் மொத்தம் 10 செ.மீ. அத்தனையும் அடியிலேயே நடந்ததாகக் கொண்டாலும் உச்சி 67 செ.மீ. நகரும். அங்கே இருப்பதோ 2.9 மீட்டர். எனவே சுருக்கம் தொடக்கி வைத்திருக்கும், அவ்வளவுதான். ஒருமுறை எடை நடுவைவிட்டு விலகிவிட்டால் சாய்ந்த பக்கத்துச் சட்டத்துக்குச் சுமை கூடும், அது இன்னும் அமுங்கும், அதனால் இன்னும் சாயும். நூற்றாண்டுக் கணக்கில் சுமை தாங்கும் ஓக் மெதுவாக வளைந்துகொடுத்து அப்படியே நிலைத்துவிடும். சாய்ந்த பக்கத்துக் கட்டைமுனை ஈரத்தில் அழுகினால் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்று: முறுக்கிய சட்டகத்தில் மூலைச் சட்டங்கள் சுமையை நேராக அடிக்கு இறக்காது, பக்கவாட்டில் தள்ளும். ஆகவே முறுக்கல் சாய்வுக்கு உதவுகிறது. இரண்டு நோய்தான், ஆனால் ஒன்று மற்றதை வளர்க்கிறது.

பழங்கட்டடம்

ஆண்டு விஷயத்துக்கு வருகிறேன். பங்குக் கோயிலுக்குக் "கட்டிய ஆண்டு" என்ற ஒன்று இருக்காது. 1234 என்பது முந்தைய கட்டத்தைச் சேர்ந்தது. இன்று நிற்பதில் பெரும்பகுதி 14ஆம் நூற்றாண்டு. 1362 வாக்கில் என்பது கூம்புக்கு மட்டும். 1843இல் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் தலைமையில் பெரிய திருப்பணி நடந்தது. கட்டுரையில் இந்த நான்கையும் தனித்தனியாகப் போடுங்கள், ஒன்றாகக் கோக்காதீர்கள்.

இப்படிப் பல காலம் கலந்து கிடப்பதற்குப் பணம் ஒரு காரணம். இடைக்கால இங்கிலாந்தில் பலிபீடப் பகுதியைப் பராமரிப்பது பங்கின் தசமபாகத்தை (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை) வாங்கும் ரெக்டரின் பொறுப்பு. மக்கள் நிற்கும் நடுக்கூடமும் கோபுரமும் ஊரார் பொறுப்பு. இரண்டு பணப்பை, இரண்டு வேகம். ஊரில் வியாபாரம் செழித்தால் நடுக்கூடத்தை உயர்த்திப் பெரிய ஜன்னல் வைப்பார்கள், பீடப் பகுதி பழையபடியே கிடக்கும். தொழில் சங்கங்களுக்கும் பக்திச் சபைகளுக்கும் பணம் இருந்தால் சிறு பீட அறைகள் ஒட்டிக்கொண்டே போகும். செஸ்டர்ஃபீல்டில் அப்படிப் பல உண்டு.

நேரில் பார்ப்பவர் வெளிச்சுவரைச் சுற்றி வந்தாலே பாதி வரலாறு கிடைக்கும். கல் வரிசை ஒன்றோடொன்று கோக்காமல் மேலிருந்து கீழே நேர்க்கோடாகப் பிரிந்திருந்தால், அங்கே ஒரு வேலை முடிந்து இன்னொன்று தொடங்கியிருக்கிறது. கோபுரச் சுவரில் தலைகீழ் 'வி' வடிவத் தழும்பு தெரிந்தால் அது பழைய செங்குத்துக் கூரை முட்டிய இடம். ஜன்னல்களில் குறுகிய கூர்வளைவு என்றால் 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதி, பூவேலை போலப் பின்னிய கல்கம்பி என்றால் 1250க்கும் 1350க்கும் நடுவில், நேர்கோட்டுக் கம்பிகள் மேல்வரை ஓடினால் அதற்குப் பிந்தியது. ஜன்னலை மட்டும் நம்பிச் சுவருக்குத் தேதி போடாதீர்கள். பழைய சுவரைக் குடைந்து புது ஜன்னல் வைப்பது மலிவான வேலை. 19ஆம் நூற்றாண்டுத் திருப்பணிக்காரர்கள் பழைய பாணியிலேயே புதிதாகச் செதுக்கியும் வைத்தார்கள்.

மரத்துக்கு ஆண்டு வளையக் கணக்கு உண்டு. அது சொல்வது மரம் வெட்டிய காலத்தை, கட்டடத்தின் காலத்தை அல்ல. பட்டை ஒட்டிய கடைசி வளையம் இருந்தால் மட்டுமே துல்லியம். எசெக்ஸில் கிரீன்ஸ்டெட் கோயிலின் மரச்சுவரை முதலில் 845 வாக்கில் என்றார்கள். பின்னால் வளையங்களை எண்ணியபோது 1053க்குப் பிறகு 10 முதல் 55 ஆண்டுக்குள் என்று வந்தது. இருநூறு வருடத்துக்கு மேல் வித்தியாசம். அந்த மரங்களின் அழுகிய அடிப்பகுதியை 1848இல் அறுத்துவிட்டுச் செங்கல் மேடையில் நிறுத்தியிருக்கிறார்கள். மேடையைப் பார்த்து யாராவது அதுவும் ஆதிகாலம் என்று எழுதாமல் இருக்கவேண்டும்.

காரீயத்துக்கும் இதே எச்சரிக்கை. தேய்ந்த தகட்டை இறக்கி, உருக்கி, ஈரமணல் படுக்கையில் ஊற்றி மறுபடி ஏற்றுவார்கள். அதனால் தகட்டின் வயது கூம்பின் வயதாகாது.

காரீயம்

நிமிர்த்துவது பற்றி யாரும் சொல்லவில்லை. சுருக்கமாக: நிமிர்த்தினால் உடையும். அறுநூறு வருடத்தில் ஒவ்வொரு கழுந்தும் தன் துளைக்குள் சாய்ந்த நிலையிலேயே பதிந்துவிட்டது. இழுத்தால் துளையின் உதடு பிளக்கும். இரும்புச் சட்டம் போட்டு இறுக்கலாம் என்பார்கள். சாதா இரும்பு ஓக்கைத் தொட்டால் மரம் நீலக் கறுப்பாகும், இரும்பு துருப்பிடித்து உப்பி மரத்தைப் பிளக்கும். போடத்தான் வேண்டுமென்றால் துருப்பிடிக்காத எஃகு, போல்ட் துளையில் கொஞ்சம் தளர்வு.

சாய்வைவிடப் பெரிய பயம் நெருப்பு. 1961 டிசம்பர் 22 அன்று வடக்குக் குறுக்குக் கூடத்தில் தீப்பிடித்து, 1756இல் ஸ்நெட்ஸ்லர் செய்த ஆர்கன் எனும் குழல் இசைக்கருவி எரிந்துபோனது. அந்தத் தீ கூம்பைத் தொட்டிருந்தால் பேச ஒன்றும் இருந்திருக்காது. காரீயம் 327 டிகிரியிலேயே உருகி ஓடும். அடியில் இருப்பது நூற்றாண்டுகளாகக் காய்ந்த ஓக்.

சட்டமும் கழுந்தும்

செய்யவேண்டியது கண்காணிப்பு. கூம்புக்குள் உச்சியருகே ஒரு புள்ளியிலிருந்து தூக்குக்குண்டு, அடியில் நிலையான குறி. குண்டை ஒரு வாளி எண்ணெயில் அமிழ்த்தி வைத்தால் காற்றில் ஆடாது. சாய்ந்த கூம்பில் நீளக் கயிறு பக்கத்துச் சட்டத்தில் உரசும், அப்போது அடுக்குக்கு ஒன்றாகத் தனித்தனிக் குண்டு தொங்கவிட வேண்டும். முறுக்கலுக்கு ஒவ்வொரு அடுக்கிலும் எதிரெதிர் மூலைகளின் திசையைத் தனியாகக் குறிக்க வேண்டும், தூக்குக்குண்டு அதைக் காட்டாது. கூடவே சாய்ந்த பக்கத்துக் கட்டைமுனைகளில் ஈரமானி. 20 சதவீதத்துக்கு மேல் நின்றால் எங்கோ ஒழுகுகிறது.

அளவை எப்போதும் ஒரே பருவத்தில், விடியுமுன் எடுங்கள். மதியம் எடுத்த அளவையும் விடியற்காலை எடுத்ததையும் ஒப்பிட்டால் வெயிலில் தகடு நீண்டதைத்தான் அளந்திருப்பீர்கள், கூம்பு சாய்ந்ததை அல்ல.