ஒன்பது வாரம் எல்லாமே பச்சை: டீமில் நம்பிக்கை போன கதை, உங்களுடையதையும் சொல்லுங்கள்

மேனேஜர்:

வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு எனக்கு ஸ்டேட்டஸ் ஷீட் வரும். மென்பொருளின் 11 பகுதிகள் (மாட்யூல்), ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, பக்கத்தில் பச்சை (சரியாகப் போகிறது), மஞ்சள் (சிக்கல் தெரிகிறது) அல்லது சிவப்பு (மாட்டிக்கொண்டது). 9 வாரம் தொடர்ந்து எல்லாமே பச்சை. அதை அப்படியே மேலே அனுப்பிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குக் கிளம்புவேன். டெலிவரிக்கு 12 நாள் இருக்கும்போது, டீமில் சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகாத பையன் ஒருவன், லிஃப்டுக்காக நின்றுகொண்டிருந்த இடத்தில் மெதுவாகக் கேட்டான். "சார், பழைய டேட்டாவைப் புது சிஸ்டத்துக்கு மாத்தற மைக்ரேஷன் இன்னும் ஒரு தடவைகூட முழுசா ஓடலையே, அதுக்கு வேற ஏதாவது ஏற்பாடு இருக்கா?"

லிஃப்ட் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

விசாரித்தால் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஐந்து வாரமாகத் தெரிந்திருக்கிறது. முதலில் கோபம்தான் வந்தது. சீனியர் ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டு, ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் சுற்றி வளைக்கவில்லை. "இந்த ஒன்பது வாரத்துக்கு முன்னாடி, ப்ராஜெக்ட் ஆரம்பிச்ச மூணாவது வாரம் ஒருத்தர் மஞ்சள் போட்டார், ஞாபகம் இருக்கா சார்?" இல்லை. "மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் 'இதைக்கூட முடிக்க முடியலன்னா வேற என்னதான் முடியும்'னு கேட்டீங்க. அதுக்கப்புறம் யாரும் மஞ்சள் போடலை."

சொன்ன எனக்குச் சுத்தமாக நினைவில்லை. கேட்டவர்களுக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. இந்த மாதிரி ரிப்போர்ட்டுக்கு எங்கள் தொழிலில் தர்பூசணி என்று பெயர். வெளியே பச்சை, வெட்டினால் சிவப்பு. மற்ற மேனேஜர்களைக் கிண்டல் செய்ய நான் அடிக்கடி எடுத்துவிடும் வார்த்தை அது.

டெலிவரி மூன்று வாரம் தள்ளிப்போனது. அதைக்கூடச் சமாளித்துவிட்டோம். ஆனால் இப்போது பச்சையைப் பார்த்தாலே சந்தேகம் வருகிறது. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? மீண்டீர்களா?

டெவலப்பர்:

அந்த மஞ்சள் போட்ட ஆள் நானாகவே இருந்திருக்கலாம். (உங்கள் டீம் இல்லை சார், பயப்படாதீர்கள்.)

என் பழைய மேனேஜருக்கு ஒரு பழக்கம். நான் 4 நாள் என்றால் "2 நாள்ல முடிச்சிடு" என்பார். இரண்டு முறை சனி, ஞாயிறு உட்கார்ந்து முடித்துக் கொடுத்தேன். மூன்றாவது முறை 8 நாள் என்றேன். 4 ஆக்கினார். இருவருக்கும் திருப்தி. கொஞ்ச நாளில் அவருக்கும் விஷயம் பிடிபட்டு, சொன்னதில் மூன்றில் ஒரு பங்குதான் தர ஆரம்பித்தார். நான் 12 நாள் என்றேன். சுற்றிச் சுற்றி அதே 4 நாள். அந்த உண்மையான எண்ணை மட்டும் இருவரும் வாய்விட்டுச் சொன்னதே கிடையாது.

இதைவிட மோசமானது இன்னொன்று. வேலை சீக்கிரம் முடிந்தாலும் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த முறை அந்த நாட்களும் போய்விடும். ஒரு ரிப்போர்ட் மாட்யூல் 2 நாளில் முடிந்து, 5 நாள் என் மெஷினிலேயே சும்மா கிடந்தது. அதற்காகப் பக்கத்து டீம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

நிர்வாகம் பற்றி எழுதிய எலியாஹு கோல்ட்ராட் 1997இல் முன்வைத்த கிரிட்டிக்கல் செயின் என்ற ப்ராஜெக்ட் திட்டமிடல் முறை இந்த நோய்க்குத்தான் மருந்து. ஆளாளுக்கு ஒளித்து வைத்திருக்கும் உபரி நாட்களை எல்லாம் வெளியே எடுத்து, ப்ராஜெக்டின் கடைசியில் பொதுவாக ஒரே இடத்தில் வைக்கச் சொல்கிறார். கணக்கு சரிதான். ஆனால் பொதுவில் வைத்த நாட்களை மேனேஜர் முதல் நாளே வெட்டிவிட மாட்டார் என்று நான் நம்பினால்தானே என் பங்கை எடுத்து வைப்பேன்?

டெஸ்டர்:

எங்கள் ஆபீஸில் ஒரு போர்டு இருந்தது. அதில் டெவலப்பர் பெயர், பக்கத்தில் அவர் கோடிங்கில் அந்த மாதம் பதிவான பக் (பிழை) எண்ணிக்கை. இரண்டே மாதத்தில் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது, கேக் வெட்டினார்கள். நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன், ஆனால் எனக்குக் காரணம் தெரியும். "டிக்கெட் போடாதீங்க, சாட்ல சொல்லுங்க, பத்து நிமிஷத்துல சரி பண்ணிடறேன்" என்று ஒவ்வொருவராக வந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். பக் குறையவில்லை, பதிவுதான் குறைந்தது. அப்புறம் தேதி ஃபார்மட் பக் ஒன்று, வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் ப்ரொடக்‌ஷனில் வெடித்தது. அதே பக்கை நான்கு மாதத்துக்கு முன் நான் பிடித்து, டெவலப்பர் சரிசெய்து, யாரோ பழைய கோடிங்கை மேலே ஏற்றி மறுபடி உடைத்திருக்கிறார்கள். எங்கேயும் ஒரு வரி பதிவு இல்லை.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆராய்ச்சியாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளைப் பார்த்தார். நன்றாக இயங்கும் குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், அங்கேதான் அதிகம் பதிவாகியிருந்தது. அவர்கள் தவறைப் பயமில்லாமல் வெளியே சொன்னார்கள் என்பதுதான் அவர் கண்ட விளக்கம். எங்கள் போர்டை நினைத்துக்கொண்டேன். அது இன்னும் தொங்குகிறது.

வீட்டிலிருந்து வேலை செய்பவன்:

எங்களுக்கு 10 நிமிடத்துக்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுக்கும் மென்பொருள் போட்டிருக்கிறார்கள். சிக்கலான விஷயம் என்றால் நான் தாளில் கட்டம் போட்டு யோசிக்கிறவன். அந்த நேரமெல்லாம் 'செயலற்ற நேரம்' என்று பதிவாகிறது. இப்போது வலது கையில் பேனா, இடது கையால் மவுஸை ஆட்டிக்கொண்டே இருக்கிறேன். அவ்வளவுதான் என் அனுபவம்.

டீம் லீட்:

எல்லோரும் நம்பாத மேனேஜரைப் பற்றியே எழுதுகிறீர்கள். நான் நம்பிக் கெட்டவள்.

டீமிலேயே கெட்டிக்காரரிடம் பேமென்ட் இணைப்பு வேலையைக் கொடுத்தேன். அவரிடம் போய் எங்கே நிற்கிறது, என்ன ஆச்சு என்று கேட்பதே அவமரியாதை என்று நினைத்து, 6 வாரம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது வாரத்திலேயே மாட்டிக்கொண்டுவிட்டார். கடைசியில் உட்கார்ந்து பேசியபோது அவர் சொன்னது இது: "நீங்க என்னை அவ்வளவு நம்பினீங்க மேடம். அதனாலதான் தெரியலைன்னு சொல்ல வாய் வரலை."

நம்பிக்கை பற்றி மேயர், டேவிஸ், ஸ்கூர்மன் என்ற ஆராய்ச்சியாளர்கள் மூவரும் 1995இல் எழுதிய கட்டுரை, ஒருவரை நம்பத் தகுந்தவராக்குவது எது என்பதை மூன்றாகப் பிரிக்கிறது: திறமை, நல்லெண்ணம், நேர்மை. அவருடைய திறமையைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் என் நல்லெண்ணம், அதாவது தோற்றால் நான் அவர் பக்கம் நிற்பேனா என்பது, அவருக்குத் தெரியாது. அதை நான் ஒருமுறைகூடக் காட்டியதில்லை, தூரத்தில் நின்று மரியாதை செய்துகொண்டிருந்தேன்.

இப்போது வியாழக்கிழமைதோறும் ஒவ்வொருவரோடும் 15 நிமிடம். "முடிஞ்சுதா?" என்று கேட்பதில்லை. "இந்த வாரம் எங்கே மாட்டினீங்க?" என்று கேட்கிறேன். 'மாட்டவில்லை' என்று மூன்று வாரம் தொடர்ந்து சொன்னால் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். சிலருக்கு அது எரிச்சல்தான். பரவாயில்லை.

மேனேஜர்:

மூன்று மாதம் கழித்து வருகிறேன். நாற்காலி விஷயத்தை அப்படியே எடுத்துக்கொண்டேன், நன்றி மேடம்.

மீட்டிங்கில் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் மஞ்சள் போட்டவர் அதற்குள் வேறு டீமுக்குப் போய்விட்டார். அவருக்குத் தனியாக எழுதினேன். ஒரு கட்டைவிரல் மட்டும் பதிலாக வந்தது.

ஷீட்டில் முதல் வரியை எனக்கே ஒதுக்கினேன். 'கிளையன்ட் ஒப்புதல்: சிவப்பு. நான் இன்னும் கேட்கவே இல்லை.' இரண்டு வாரம் அந்த ஒரு சிவப்பு மட்டும் தனியாக நின்றது. மூன்றாவது வாரம் கீழே ஒரு மஞ்சள், அந்த லிஃப்ட் பையனுடையது. என்ன உதவி வேண்டும் என்று மட்டும் கேட்டேன். போன வெள்ளிக்கிழமை 2 சிவப்பு, 3 மஞ்சள்.

அதை மேலே அனுப்பும் நேரத்தில்தான் எனக்குக் கை நின்றது. என் மேலதிகாரி இந்த நிறங்களைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு மஞ்சளைப் பச்சையாக்கினால் என்ன என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அப்படியே அனுப்பிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை.