ரபேஷஸ், அவரீஷஸ்: ரெண்டும் பேராசைதானே?

ராஜேந்திர_நகர்_தேர்வர்:
ஆங்கில மாதிரித் தேர்வில் 'ரபேஷஸ் (rapacious) லேண்ட்லார்ட்' என்று வந்தது. 'அவரீஷஸ்' (avaricious) என்று குறித்தால் தவறாம். விடைக்குறிப்பில் ரெண்டுக்கும் 'பேராசை' என்றுதான் இருக்கிறது. அறைத்தோழரோ 'ரேபிட்' போல ஒலிப்பதால் வேகத்தைக் குறிக்கும் என்கிறார். வேர் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

வேர்ச்சொல்:
தோழர் சொல்வதில் பாதி உண்மை. ரபேஷஸ், ரேபிட் ரெண்டுக்கும் வேர் லத்தீன் 'ரப்பெரெ', அதாவது பறித்தல். பறித்துக்கொண்டு ஓடும் வேகத்திலிருந்து 'ரேபிட்'. இரையைப் பறிக்கும் பருந்து 'ராப்டர்'. பறிப்பதே சுபாவமானவன் 'ரபாக்ஸ்'. அதிலிருந்துதான் 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு 'ரபேஷஸ்' வந்தது.

அந்த 'ஆக்ஸ்' விகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். வொரேஷஸ் (விழுங்கித் தள்ளுவது), டெனேஷஸ் (பிடித்த பிடி விடாதது), லொக்வேஷஸ் (ஓயாத பேச்சு) எல்லாம் இதே அச்சு. ஆனால் ஸ்பேஷஸ் (விசாலமான), கிரேஷஸ் (கனிவான) இதில் சேராது. ஒலி ஒன்று, விகுதி வேறு. பலர் வழுக்குவது இங்கேதான்.

முனிர்கா_மாமா:
தம்பி, அவரீஷஸின் பெயர்ச்சொல்லான 'அவரிஸ்' 1300 வாக்கிலேயே பிரெஞ்சு வழியாக வந்துவிட்ட சொல். வேர் 'அவேரெ', ஏங்குவது. ஆசை மனசுக்குள் கிடந்தாலே போதும், அவன் அவரீஷஸ். ரபேஷஸ் ஆக அடுத்தவன் மடியில் கை வைக்கணும். மீட்டரில் ஓடியதற்கு மேல் யூனிட் கணக்கு எழுதி, முன்பணத்தையும் அமுக்குகிற வீட்டுக்காரர் ரபேஷஸ். அதனால் விடைக்குறிப்பு சரி, அதில் போட்ட தமிழ்தான் மொண்ணை. 'பிடுங்கித் தின்னும்' என்று போட்டிருக்கலாம்.

'மைசர்' இன்னொரு பொறி. லத்தீனில் அதற்குப் பொருள் 'பரிதாபத்துக்குரியவன்'. மிசரபிள் அதன் உறவு. தன் காசையே செலவழிக்காத கஞ்சன் அவன், பிறர் காசைப் பறிக்கணும் என்பதில்லை.

ராஜேந்திர_நகர்_தேர்வர்:
நன்றி மாமா. அப்போ 'ரபேஷஸ் ரீடர்' எழுதலாமா?

வேர்ச்சொல்:
கூடாது. புத்தகப் புழுவுக்கு 'வொரேஷஸ்', அது பாராட்டு. ரபேஷஸ் பெரும்பாலும் வசைதான். வட்டிக்காரன், படையெடுப்பாளன், நிலம் வளைப்பவன் பக்கத்தில் வரும். பெயர்ச்சொல் கேட்டால் 'ரபாசிட்டி'.

முனிர்கா_மாமா:
'ரேவனஸ்' (அகோரப் பசி) வந்தால் 'ரேவன்' என்ற அண்டங்காக்கையை நினைக்காதே. அதுவும் உன் 'ரப்பெரெ' குடும்பம்தான். பறவைப் பெயருக்கு வேர் வேறு.