பட்டர்வொர்த் பாட்டி வீடு (குடும்பக் குழு)

கவிதா: அமெரிக்க மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வு முடிவு வந்துவிட்டது. வெர்பல் (மொழி) 146, குவான்ட் (கணக்கு) 152, எழுத்து 3.5. அமெரிக்காவில் பிஎச்டி நடக்காது போல.

பெரிய மாமா: எத்தனைக்கு மா?

கவிதா: முதல் இரண்டும் 170க்கு மாமா. எழுத்து 6க்கு.

பெரிய மாமா: 170க்கு 146 நல்ல புள்ளிதானே!

தேவி அக்கா: மாமா, அது தொடங்குவதே 130இல். கவி, புள்ளி குறைவுதான். ஆனால் நீ கேட்பது பூச்சியியல் தானே?

கவிதா: ஆமாம் கா. ஏடிஸ் கொசு மருந்துக்கு ஏன் சாவதில்லை என்பதுதான்.

தேவி அக்கா: அப்படியென்றால் மனதை விடாதே. 2018க்குப் பிறகு உயிரியல் பக்கம் நிறைய துறைகள் ஜிஆர்இயை எடுத்துவிட்டன. சில இடங்களில் விருப்பமிருந்தால் அனுப்பலாம், சில இடங்களில் அனுப்பினாலும் பார்க்க மாட்டார்கள். துறையின் சொந்தப் பக்கத்தைத் திறந்து பார். ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு துறை கேட்கும், பக்கத்துத் துறை கேட்காது.

கவிதா அம்மா: மறுபடி எழுதச் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறாள். பணம் நான் கட்டுகிறேன் தேவி.

தேவி அக்கா: 21 நாள் கழித்து எழுதலாம் சித்தி. ஆனால் ஒரு தடவைக்கு 220 டாலர், ஆயிரம் மலேசிய வெள்ளியை நெருங்கும். கேட்காத இடத்துக்கு எதற்கு? இந்தப் புள்ளியை அனுப்பியே ஆக வேண்டும் என்பதும் இல்லை, எதை அனுப்புவது என்று அவளே தேர்ந்தெடுக்கலாம். தேர்வை நடத்தும் இடிஎஸ்ஸே, இந்தப் புள்ளியை மட்டும் வைத்து யாரையும் தள்ளக் கூடாது என்று பல்கலைக்கழகங்களுக்குச் சொல்கிறது.

சின்ன மாமா: பாலம் தாண்டினால் பினாங்கில் யுஎஸ்எம் பல்கலைக்கழகம். அங்கேயே செய்யலாமே?

தேவி அக்கா: அதுவும் நல்ல வழிதான் மாமா, அங்கே ஜிஆர்இ இல்லை. இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவிலும் பெரும்பாலும் கேட்பதில்லை. ஆனால் உதவித்தொகையைத் தனியாகத் தேட வேண்டும். அமெரிக்காவில் அறிவியல் பிஎச்டிக்கு இடம் கிடைத்தால் கட்டணமும் மாதப் பணமும் பெரும்பாலும் சேர்ந்தே வரும்.

கவிதா: புள்ளி ஏன் குறைந்தது என்று எஸ்ஓபியில், அதான் விண்ணப்பத்தோடு அனுப்பும் நோக்கக் கட்டுரையில், விளக்கவா கா?

தேவி அக்கா: கேட்கிற இடமாக இருந்தாலும் ஒரு வரிக்கு மேல் வேண்டாம். அந்த இடத்தில் உன் கொசு வேலையை எழுது. பரிந்துரைக் கடிதம்தான் முக்கியம் கவி, கெஞ்சிக் கேட்கிறேன், அதில் நேரம் போடு. "நல்ல பிள்ளை, ஒழுங்காக வருவாள்" என்று சூப்பர்வைசர் எழுதினால் பயனில்லை. முட்டை எடுத்து வளர்த்தது, மருந்துச் சோதனை செய்தது, முடிவு எதிர்பார்த்தபடி வராதபோது நீயாக எதை மாற்றிப் பார்த்தாய், இதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அவருக்கு நினைவிருக்காது, நீயே ஒரு பக்கம் எழுதிக் கொடு.

கவிதா: அங்குள்ள பேராசிரியர்களுக்கும் எழுதணுமா?

தேவி அக்கா: கட்டாயம். அவர்களுடைய கட்டுரையைப் படித்துவிட்டு எழுது, இரண்டு பத்தி போதும். புது மாணவரை எடுக்கிறார்களா என்று நேராகக் கேள். பல இடங்களில் டிசம்பர் தொடக்கத்திலேயே விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள். கோலாலம்பூரில் மேசீ (அமெரிக்கப் படிப்புக்கு வழிகாட்டும் அமைப்பு) ஆலோசகரிடமும் பேசு, இலவசம்தான்.

கவிதா அம்மா: டோஃபல் என்று ஆங்கிலத் தேர்வு ஒன்றும் சொன்னாளே, அதுவும் வேண்டாமா?

தேவி அக்கா: அது பெரும்பாலும் வேண்டும் சித்தி. ஆயிரம் வெள்ளியை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கவிதா: துறைப் பட்டியல் போடுகிறேன் கா. கேட்கும் இடம் ஒரு பக்கம், கேட்காத இடம் ஒரு பக்கம்.

தேவி அக்கா: சரி. ஞாயிற்றுக்கிழமை அனுப்பு, சேர்ந்து பார்க்கலாம்.