பால் பைத்தான் சாப்பிட மறுக்கிறது: காத்திருப்பதா, மருத்துவரிடம் போவதா?

ஈஸ்ட்ஹாம் குமரன்
எல்லோருக்கும் வணக்கம். லண்டனில் இருக்கிறேன். போன கோடையில் ஒரு பால் பைத்தான் (ball python, ஒரு சின்ன வகை மலைப்பாம்பு) வாங்கினோம், இங்கே ராயல் பைத்தான் என்பார்கள். ஆண், ஒன்றரை வயது. வீட்டில் இதற்கு முன் மீன்கூட வளர்த்ததில்லை. அக்டோபரில் எடை 900 கிராம், நேற்று நிறுத்துப் பார்த்தால் 850. நவம்பர் பிறந்ததிலிருந்து எலியைத் திரும்பியும் பார்க்கவில்லை. மூன்றடிக் கண்ணாடித் தொட்டி, மேலே கம்பிவலை மூடி, ஒரு பக்கம் ஹீட் பல்ப், ஒளிந்துகொள்ள ஒரு மரப்பட்டை. கண்ணாடியில் ஒட்டும் வட்ட மீட்டரில் ஈரப்பதம் 40 என்று காட்டுகிறது. விற்ற கடைக்காரர், "உயிருள்ள எலியை உள்ளே விடுங்கள், தானாகப் பிடிக்கும்" என்கிறார். மனைவி மருத்துவரிடம் காட்டலாம் என்கிறார். இன்னொன்று, சில இரவுகளில் மூச்சு விடும்போது மெல்லிய விசில் மாதிரி சத்தம் வருகிறது. வீட்டில் நான்கு வயதுப் பெண் குழந்தையும் இருக்கிறாள். என்ன செய்யலாம்?

லெஸ்டர் பாம்புக்காரன்
தம்பி, பயப்பட வேண்டாம். குளிர்காலத்தில் ஆண் பால் பைத்தான் பட்டினி கிடப்பது சாதாரண விஷயம். கானா, டோகோ, பெனின் பக்கத்துப் பாம்பு இது, அங்கே வறட்சியும் இரவுக் குளிரும் வரும் மாதங்களில் காட்டிலேயே சாப்பாட்டை விட்டுவிடும். நான் பல வருடமாக வளர்க்கிறேன், குட்டி பொரித்தும் விற்கிறேன். என்னிடம் இருக்கும் ஆண்களில் சில தீபாவளிக்கு நிறுத்தினால் பங்குனி வரை வாய் திறக்காது, பிறகு தானே தேடி வந்து சாப்பிடும். 900-இலிருந்து 850 என்றால் ஐந்து, ஆறு சதவீதம்தான், பத்தைத் தாண்டினால் கவலைப்படலாம்.

உயிருள்ள எலி மட்டும் வேண்டவே வேண்டாம். பசியில்லாத பாம்போடு எலியை அடைத்து வைத்தால் எலிதான் பாம்பைக் கடிக்கும். முதுகெலும்பு தெரிய எலி கொறித்த பாம்பைப் பார்த்திருக்கிறேன்.

என் யோசனை: அந்தக் கண்ணாடித் தொட்டியை விடுங்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் டப் ஒன்றில் காற்றுக்குத் துளை போட்டு, கீழே தெர்மோஸ்டாட்டோடு (சூட்டை ஒரே அளவில் நிறுத்தும் கருவி) ஹீட் மேட் வைத்து மாற்றுங்கள். நான்கு பக்கமும் உடல் முட்டினால்தான் இதற்கு நிம்மதி. காலை மாலை தண்ணீர் தெளியுங்கள், ஈரப்பதம் ஏறும். விசில் சத்தம் சட்டை உரிக்கும் நேரத்தில் மூக்குத் துளையில் தோல் அடைத்தாலும் வரும். இப்போது டாக்டர் என்று குளிரில் தூக்கிக்கொண்டு அலைவதுதான் பாம்புக்கு அதிகத் தொல்லை.

நிலா (வெட் நர்ஸ், மான்செஸ்டர்)
விலங்கு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். பட்டினி விஷயத்தில் அண்ணன் சொல்வது சரி, உயிருள்ள எலி பற்றியும் சரி. விசில் பற்றிச் சொன்னதை மட்டும் ஏற்க முடியாது. குமரன், ஒன்று சொல்லுங்கள்: கண் பால் மாதிரி மங்கியிருக்கிறதா, சட்டை உரிக்கும் நேரமா?

ஈஸ்ட்ஹாம் குமரன்
இல்லை. கண் தெளிவாக இருக்கிறது. போன மாதம்தான் உரித்தது, அதுவும் துண்டு துண்டாக வந்தது.

நிலா (வெட் நர்ஸ், மான்செஸ்டர்)
அப்படியென்றால் தோல் அடைப்பு என்று விட்டுவிட முடியாது. சட்டை துண்டு துண்டாக உரிந்தாலே பெரும்பாலும் ஈரப்பதம் போதவில்லை என்றுதான் அர்த்தம். 40 இதற்குக் குறைவு, 60 சுற்றி இருக்க வேண்டும், உரிக்கும் நேரத்தில் இன்னும் கூட. வறண்ட காற்றும் சரியாக ஏறாத சூடும் சேரும் இடத்தில்தான் மூச்சுக்குழாய்த் தொற்று நுழைகிறது. பாம்புக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது, இருமிச் சளியை வெளியே தள்ளவும் முடியாது. உள்ளே தேங்கும் சளி தேங்கியபடியே இருக்கும். நமக்குச் சத்தம் கேட்கும்போது நோய் தொடங்கிச் சில நாளாவது ஆகியிருக்கும்.

வாயோரம் நுரையோ குமிழியோ இருக்கிறதா, வாயைத் திறந்து மூச்சு விடுகிறதா, தலையை மேலே தூக்கி வைத்தபடியே கிடக்கிறதா என்று இன்றிரவு பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் நாளைக்கே ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் இந்த வாரத்துக்குள் காட்டிவிடுங்கள். நாய், பூனை மட்டும் பார்க்கும் கிளினிக்கில் போய் நிற்காதீர்கள், "எக்சோடிக்" (ஊர்வன போன்ற பிராணிகள்) பார்க்கிறீர்களா என்று முதலில் போனில் கேளுங்கள்.

அண்ணா, தெளிப்பது பற்றி ஒரு வார்த்தை. சூடு சரியில்லாத பெட்டியில் காலை மாலை தண்ணீர் அடித்தால் ஈரமும் குளிரும் சேர்ந்துவிடும், நெஞ்சில் தொற்று இருக்கும் பாம்புக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. தினமும் நனைந்த தரையில் கிடந்தால் வயிற்றுச் செதில் புண்ணாகும். முதலில் சூட்டைச் சரிசெய்ய வேண்டும், ஈரப்பதம் பிறகு.

லெஸ்டர் பாம்புக்காரன்
சத்தம் கேட்டால் காட்டட்டும், அதில் எனக்கு மறுப்பு இல்லை. உங்கள் கிளினிக் பக்கம் வருவது நோய் வந்த பாம்புகள்தான், அதனால் எல்லாமே நோயாகத் தெரிகிறது என்று நினைக்கிறேன். புதிதாக வளர்ப்பவர்கள் சாப்பிடாத ஒவ்வொரு வாரமும் பதறி, பாம்பை எடுத்து எடுத்துப் பார்த்து, வாயில் திணிக்கக்கூட முயற்சி செய்கிறார்கள். அந்தப் பதற்றத்தில் கெட்டுப்போன பாம்புகள்தான் எனக்குத் தெரிந்து அதிகம்.

நிலா (வெட் நர்ஸ், மான்செஸ்டர்)
வாயில் திணிக்கக் கூடாது என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். காத்திருப்பவர்களால் கெட்டதையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். "குளிர்காலம், சாப்பிடாது" என்று மூன்று மாதம் விட்டுவிட்டு, நுரையீரல் முழுக்கச் சீழோடு கொண்டு வருவார்கள். ஆரம்பத்தில் வந்தால் ஊசி மருந்தும் சூடும் போதும். செஃப்டாசிடிம் போன்ற ஆன்டிபயாடிக்கை மூன்று நாளுக்கு ஒருமுறை போடச் சொல்லித் தருவோம், வீட்டிலேயே போடலாம். முற்றிய பிறகு அந்த மருந்தே போதாமல் போகிறது. அதிலும் நிடோவைரஸ் என்று ஒன்று இருக்கிறது, 2014-இல் பால் பைத்தான்களில்தான் கண்டுபிடித்தார்கள், அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. தொண்டையிலிருந்து பஞ்சில் எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும்.

மலைநாடன்
இவ்வளவு நேரம் எப்படி வளர்ப்பது என்றே பேசுகிறீர்கள். வளர்க்கத்தான் வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. 30 வருடம் வாழும் உயிர். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலையில் 62 வயது மதிக்கத்தக்க ஒன்று 2020-இல் முட்டையே இட்டது. குமரனின் நான்கு வயது மகள் படித்து வேலைக்குப் போன பிறகும் இந்தப் பாம்பு அந்தப் பெட்டிக்குள் கிடக்கும். மேற்கு ஆப்பிரிக்காவில் சினைப் பாம்புகளையும் முட்டைகளையும் பொந்திலிருந்து தோண்டியெடுத்து, குட்டி பொரித்து, ஆயிரக்கணக்கில் ஏற்றுமதி செய்கிறார்கள். சும்மா அழகுக்காக இது எதற்கு?

லெஸ்டர் அண்ணன் சொல்லும் டப் இன்னும் மோசம். நான்கு பக்கமும் முட்டினால் நிம்மதி என்கிறார். உடலை முழுதாக நீட்டிப் படுக்கக்கூட முடியாத இடத்தில் வாழ்நாள் முழுக்கவா?

லெஸ்டர் பாம்புக்காரன்
என் பாம்புகள் பிரிட்டனிலேயே பல தலைமுறையாகப் பிறந்தவை, ஆப்பிரிக்காவிலிருந்து ஒன்றும் வரவில்லை. காட்டில் இது கறையான் புற்றிலும் எலி வளையிலும் பகல் முழுக்கச் சுருண்டு கிடக்கும் பாம்பு. பெரிய கண்ணாடிப் பெட்டியில் விட்டால் மறைவு இல்லாமல் பயந்து சாப்பாட்டை நிறுத்துகிறது. டப்புக்கு மாற்றிய ஒரே வாரத்தில் சாப்பிட்டவை எத்தனையோ. கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

மலைநாடன்
பகலில் வளையில் கிடக்கும், சரி. இரவில்? நைஜீரியாவில் காட்டுப் பாம்புகளின் வயிற்றில் இருந்ததை ஆராய்ந்தவர்கள், ஆண் பாம்புகள் பறவைகளை அதிகம் தின்றிருப்பதையும் மரங்களில் ஏறுவதையும் பதிவு செய்திருக்கிறார்கள். குமரனிடம் இருப்பதும் ஆண்தான். மரமேறிப் பறவை பிடிக்கிற பிராணிக்கு டப்பில் என்ன வைத்திருக்கிறீர்கள்?

நிலா (வெட் நர்ஸ், மான்செஸ்டர்)
இதில் நான் மலைநாடன் பக்கம் சாய்கிறேன். மருத்துவம் நடக்கும்போது சில வாரம் சின்னப் பெட்டி உதவும், துடைப்பதும் எளிது, சூடும் ஒரே சீராக நிற்கும். நிரந்தர வீடாக அது ஆகாது. பெரிய பெட்டியில் சாப்பிடவில்லை என்றால் குறை அளவில் இல்லை, மறைவில் இருக்கிறது. சூடான பக்கம் ஒரு பொந்து, குளிர்ந்த பக்கம் ஒரு பொந்து, இரண்டும் உடல் உரசும் அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும், நடுவில் ஏற ஒரு கிளை, செயற்கை இலைகள். கண்ணாடியின் மூன்று பக்கத்தையும் வெளியிலிருந்து அட்டை ஒட்டி மறையுங்கள். வளர்ந்த பிறகு நான்குக்கு இரண்டடி மரப்பெட்டி.

வளர்க்கலாமா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, மலைநாடன். பாம்பு ஏற்கெனவே குமரன் வீட்டில் இருக்கிறது, அதற்கு மூச்சு சரியில்லை. எனக்கு இப்போது அதுதான் முக்கியம்.

சிங்கை தேவி
சிங்கப்பூரில் பாம்பு வளர்ப்பதே சட்டப்படி தடை, அதனால் வளர்ப்பு பற்றி எனக்கு அனுபவம் இல்லை. ஆனால் நான்கு வயதுக் குழந்தை என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஊர்வன எல்லாவற்றிலும் சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கலாம், பாம்பு ஆரோக்கியமாகத் தெரிந்தாலும் சாணத்தில் வரும். ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை உள்ள வீட்டில் ஊர்வன வேண்டாம் என்றுதான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. நீங்கள் எல்லோரும் பாம்பின் உடம்பைப் பற்றியே பேசுகிறீர்களே!

லெஸ்டர் பாம்புக்காரன்
அக்கா, கோழிக்கறியிலும் சால்மோனெல்லா உண்டு, அதற்காக யாரும் சமைக்காமல் இல்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். என் இரண்டு பிள்ளைகளும் பாம்புகளோடுதான் வளர்ந்தார்கள்.

நிலா (வெட் நர்ஸ், மான்செஸ்டர்)
அண்ணா, உங்கள் பிள்ளைகள் நன்றாக இருப்பதில் மகிழ்ச்சி. ஆனால் தேவி அக்கா சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள். பிரிட்டனில் 2015-இலிருந்து எண்ணூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு சால்மோனெல்லா வந்தது, காரணம் உறைந்த தீவன எலி, அதில் நிறையப் பேர் குழந்தைகள். பாம்பைத் தொடாமலே வரலாம். உறைய வைத்தாலும் அந்தக் கிருமி சாகாது.

குமரன், எலியை உணவு வைக்கும் ஃப்ரீசரில் வைக்காதீர்கள், வேறு வழியே இல்லையென்றால் தனியாக மூடிய டப்பாவில் போட்டு அடித்தட்டில் வையுங்கள். மைக்ரோவேவில் சூடாக்கக் கூடாது, உள்ளே வெந்து வயிறு வெடிக்கும். பையில் கட்டி, தனிப் பாத்திரத்து வெந்நீரில் போட்டு இளக்குங்கள். தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம். மகள் பார்க்கட்டும், ஐந்து வயது ஆகும்வரை தொட வேண்டாம். முகத்தருகே கொண்டு போவது, முத்தம் கொடுப்பது எந்த வயதிலும் கூடாது.

அடையாறு வாசகன்
குறுக்கே ஒரு கேள்வி. இதைச் சென்னையில் வாங்கலாமா? இன்ஸ்டாகிராமில் விற்கிறார்கள்.

மலைநாடன்
நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைக்கவே முடியாது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். பால் பைத்தான் வெளிநாட்டு இனம், ஆனால் சைட்டிஸ் (காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் இருப்பதால் 2022 திருத்தத்துக்குப் பிறகு அதையும் பதிவு செய்தாக வேண்டும், 2024-இல் விதிமுறையும் வந்துவிட்டது. பரிவேஷ் என்ற அரசு இணையதளத்தில் பதிவு, வாங்கியதற்கான தாள், எல்லாம் கேளுங்கள். இன்ஸ்டாகிராமில் தாளில்லாமல் வருபவை எந்த வழியில் வருகின்றன என்று யோசியுங்கள். 2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒருவரின் பெட்டிக்குள் 47 பாம்புகள் இருந்தன. தயவுசெய்து வாங்காதீர்கள்.

ஈஸ்ட்ஹாம் குமரன்
நேற்று இரவு டார்ச் வைத்துப் பார்த்தேன். வாயோரம் சின்னக் குமிழி இருந்தது. ஊர்வன பார்க்கும் கிளினிக் ஒன்று கிடைத்தது, நாளை காலை நேரம் கொடுத்திருக்கிறார்கள். ப்ரோப் உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வைத்தேன், பல்புக்குக் கீழே 28 டிகிரி, மறுபக்கம் 21. எப்படிக் கொண்டுபோவது? வெளியே உறைபனி.

நிலா (வெட் நர்ஸ், மான்செஸ்டர்)
28-உம் 21-உம்தான் உங்கள் பிரச்சினை. சூடான பக்கம் 32 சுற்றி, மறுபக்கம் 26 வேண்டும். இப்போதைக்கு இரவிலும் சூட்டை இறக்காதீர்கள். ஒளி தராத செராமிக் ஹீட்டர், அதற்குக் கம்பிக் கூண்டு கட்டாயம், இல்லாவிட்டால் பாம்பு சுற்றிக்கொண்டு வெந்துவிடும். தெர்மோஸ்டாட் இல்லாமல் எந்த ஹீட்டரையும் செருகாதீர்கள். கம்பிவலை மூடியில் முக்கால் பங்கை அலுமினியத் தாளால் மூடுங்கள், ஹீட்டர் இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

கொண்டுபோக: தலையணை உறைக்குள் விட்டு முடிச்சுப் போடுங்கள், அதைத் துளையுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள், துண்டில் சுற்றிய வெந்நீர்ப் பை பெட்டிக்கு வெளியே ஒரு பக்கம். கார் ஹீட்டரைப் பத்து நிமிடம் முன்பே ஓட விடுங்கள். தொட்டியின் படம், எடைக் கணக்கு, அந்தச் சத்தத்தின் வீடியோ, புதிய சாணம் இருந்தால் அதுவும் எடுத்துப் போங்கள். செதில்களுக்கு இடையே, கண்ணோரம், தண்ணீர்க் கிண்ணத்தில் மிளகுத்தூள் மாதிரி கறுப்பாக ஏதாவது நகர்கிறதா என்றும் பாருங்கள், உண்ணி இருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

லெஸ்டர் பாம்புக்காரன்
குமிழி இருந்தால் நிலா சொல்வதே சரி, தம்பி, உடனே போங்கள். நிடோவைரஸ் பரிசோதனையும் கேளுங்கள், முடிவு வரும்வரை வேறு பாம்பு வாங்காதீர்கள், வேறு பாம்பு வைத்திருப்பவர் வீட்டுக்கும் போகாதீர்கள். மருந்து முடியும்வரை எலி காட்டவே வேண்டாம், தண்ணீர் மட்டும் மாற்றுங்கள். டப் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை, சிகிச்சை முடிந்ததும் அதைத் தனியாகப் பேசலாம். லெஸ்டரிலிருந்து லண்டன் இரண்டு மணி நேரம், உபரியாக ஒரு தெர்மோஸ்டாட் இருக்கிறது, வேண்டுமென்றால் சனிக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். உங்கள் வீட்டுக்குள் வர மாட்டேன், வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.