ரிசால்வ்.கான்ஃப்பில் எழுதியது ரீபூட் செய்ததும் போய்விடுகிறது, உதவி தேவை

நொய்யல்கரை:
வணக்கம். ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். என் மேசையில் இருப்பது உபுண்டு 22.04, கேபிள் இணைப்பு. பில்லிங் மென்பொருள் உள்ளேயே ஒரு சர்வரில் ஓடுகிறது, அதன் பெயர் பில்லிங்.லேன். அந்தப் பெயர் தெரிந்த ஒரே டிஎன்எஸ் சர்வர் (பெயரைக் கேட்டு அதற்குரிய ஐபி எண்ணைச் சொல்வது) 192.168.10.5. ரவுட்டர் 192.168.10.1.

காலையில் பில்லிங்.லேன் ஒழுங்காகத் திறக்கும். மதியம் கரண்ட் போய் வந்தால் அப்படி ஒரு பெயரே இல்லை என்கிறது. யூடியூப் முதல் ஜிஎஸ்டி தளம் வரை மற்றதெல்லாம் ஓடும். ஐபி எண்ணை நேராக அடித்தால் பில்லிங்கும் திறக்கும். எந்த டிஎன்எஸ் சர்வரிடம் கேட்பது என்று குறித்துவைக்கும், ஈடிசிக்குள் இருக்கும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் 192.168.10.5 என்று எழுதி வைத்தால், ரீபூட் ஆனதும் 127.0.0.53 வந்து உட்கார்ந்துகொள்கிறது. யார் இதை மாற்றுவது? எப்படி நிறுத்துவது?

வேகத்தடை:
ப்ரோ, கோப்பில் எழுதிவிட்டு 'சேட்டர் +ஐ' (chattr +i) கட்டளை கொடுத்துப் பூட்டிவிடுங்கள். ரூட்டாலும் தொட முடியாது. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

நொய்யல்கரை:
கொடுத்துப் பார்த்தேன். 'ஆபரேஷன் நாட் சப்போர்ட்டட்' என்று வருகிறது.

கறுப்புத்திரை:
வரத்தான் செய்யும். அது உண்மையான கோப்பே இல்லை, வேறொரு கோப்பைக் காட்டும் வெறும் சிம்லிங்க். எல்எஸ் மைனஸ் எல் போட்டுப் பாருங்கள், ரன் அடைவுக்குள் சிஸ்டம்டி (பின்னணிச் சேவைகளை நடத்தும் மென்பொருள்) வைத்திருக்கும் ஸ்டப்-ரிசால்வ்.கான்ஃப்பைக் காட்டும். ரன் அடைவு ரேமில் இருப்பது, அணைத்தால் காலி. நீங்கள் எழுதியதும் அங்கேதான் போய்ச் சேர்ந்தது.

127.0.0.53 வெளியாள் இல்லை. உங்கள் மெஷினிலேயே ஓடும் சிஸ்டம்டி-ரிசால்வ்டு அந்த முகவரியில் காத்திருக்கிறது. எல்லா மென்பொருளும் அதனிடம் கேட்கும், அது வெளியே யாரிடம் கேட்பது என்று முடிவு செய்யும். அதனால் அந்த எண்ணோடு சண்டை போட வேண்டாம். அதற்குப் பின்னால் எந்த சர்வர் இருக்கிறது என்பதுதான் கேள்வி. பில்லிங் திறக்காத நேரத்தில் ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ் கொடுத்து, என்ன வருகிறது என்று போடுங்கள். இன்னொன்று, 10.5 சர்வர் யூபிஎஸ்ஸில் இருக்கிறதா?

நொய்யல்கரை:
இல்லை அண்ணா. அது ஸ்டோர் ரூமில் இருக்கும் பழைய மெஷின். கரண்ட் போனால் அதுவும் போய், வந்ததும் தானே ஆன் ஆகும். என் மெஷின், சுவிட்ச், ரவுட்டர் மூன்றும் யூபிஎஸ்ஸில்.

இப்போது திறக்கவில்லை. ஸ்டேட்டஸில் இருப்பது:

கரண்ட் டிஎன்எஸ் சர்வர் (இப்போது கேட்பது): எஃப்இ80::1
டிஎன்எஸ் சர்வர்ஸ்: 192.168.10.5, எஃப்இ80::1

செட்டிங்ஸில் ஐபிவி4 பக்கம் டிஎன்எஸ் ஆட்டோமேட்டிக்கை அணைத்து 10.5 மட்டும்தான் கொடுத்திருக்கிறேன். இந்த எஃப்இ80 எங்கிருந்து வந்தது?

கறுப்புத்திரை:
உங்கள் ரவுட்டரிலிருந்து. அது ரவுட்டரின் ஐபிவி6 முகவரி. பழைய வகை முகவரியான ஐபிவி4இல், தானாக ஐபி எண் கொடுக்கும் டிஹெச்சிபியின் 6ஆம் ஆப்ஷனாக டிஎன்எஸ் முகவரி வரும், அந்த வழியை அடைத்துவிட்டீர்கள். புதிய வகையான ஐபிவி6இல் ரவுட்டர் தன் இருப்பை அறிவிக்க அனுப்பும் செய்தியிலேயே டிஎன்எஸ் முகவரியும் சேர்ந்து வரலாம். பிராட்பேண்ட்காரர்கள் கொடுக்கும் பெட்டிகள் பல இதைச் சத்தமில்லாமல் செய்கின்றன. இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் இரண்டையும் சேர்த்து ரிசால்வ்டிடம் கொடுத்துவிடுகிறது.

இனி மதியக் கதை. பட்டியலில் இரண்டு சர்வர் இருந்தால், முதலாமவருக்குத் தெரியாததை இரண்டாமவரிடம் கேட்கும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படிக் கேட்காது. ஒரு சர்வர் பதிலே சொல்லாமல் போனால்தான் அடுத்ததற்குத் தாவும். 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்பதும் முழுமையான பதில்தான், அதோடு தேடல் முடிந்தது. கரண்ட் போனதும் 10.5 வாய் மூடியது, ரிசால்வ்டு ரவுட்டருக்குத் தாவியது. 10.5 திரும்பி வந்தாலும், ரவுட்டர் ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் வரை அது அங்கேயே நிற்கும். ரவுட்டருக்கு யூடியூப் தெரியும், பில்லிங்.லேன் தெரியாது. ரீபூட் செய்தால் மறுபடி முதலாமவரிலிருந்து தொடங்குகிறது, அதனால்தான் காலையில் சரியாக இருக்கிறது.

செட்டிங்ஸ், நெட்வொர்க், பல்சக்கரம், ஐபிவி6 தாவல். அங்கேயும் டிஎன்எஸ் பக்கத்திலுள்ள ஆட்டோமேட்டிக்கை அணையுங்கள், கட்டத்தைக் காலியாக விடுங்கள். ஐபிவி6ஐயே மொத்தமாக அணைக்கத் தேவையில்லை. அப்புறம் இணைப்பை ஒருமுறை நிறுத்திப் போடுங்கள். டெர்மினல்தான் வேண்டும் என்றால் என்எம்சிஎல்ஐ கட்டளையில் ஐபிவி6.இக்னோர்-ஆட்டோ-டிஎன்எஸ் என்பதை 'யெஸ்' ஆக்கினாலும் இதே வேலைதான்.

வேகத்தடை:
10.5 படுத்தால் இன்டர்நெட்டும் படுத்துவிடுமே? பாதுகாப்புக்கு கூகுளின் பொது டிஎன்எஸ் 8.8.8.8 ஒன்றைச் சேர்த்து வைக்கலாமே.

கறுப்புத்திரை:
சேர்த்தால் மறுநாள் மதியம் இதே பிரச்சினை 8.8.8.8 பெயரில் வரும். துணைக்கு ஒன்று வேண்டுமென்றால் பில்லிங்.லேன் தெரிந்த இன்னொரு உள் சர்வராக இருக்க வேண்டும். அதைவிட மலிவு, அந்த ஸ்டோர் ரூம் மெஷினுக்கு யூபிஎஸ்ஸிலிருந்து ஒரு ஒயர் இழுப்பது.

பூட்டுப் போடும் யோசனை பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிம்லிங்க்கை அழித்துவிட்டு நிஜக் கோப்பு வைத்துப் பூட்டினால் பூட்டு விழும். ஆனால் விபிஎன் போட்டால் அது கொண்டுவரும் சர்வர் அந்தக் கோப்புக்குள் ஏறாது. வேறு இடத்துக்கு மெஷினை எடுத்துப் போனாலும் 10.5ஐயே தேடி நிற்கும்.

நொய்யல்கரை:
ஐபிவி6 பக்கம் அணைத்துவிட்டேன். ஸ்டேட்டஸில் இப்போது 10.5 மட்டும். ஸ்டோர் ரூம் மெஷினை வேண்டுமென்றே ரீஸ்டார்ட் செய்தேன். அது எழுந்து வரும் வரை எதுவும் திறக்கவில்லை, வந்ததும் பில்லிங் தானாகத் திறந்தது. மற்ற மெஷின்களிலும் ஒவ்வொன்றாக இதைச் செய்ய வேண்டுமா?

கறுப்புத்திரை:
வேண்டாம். ரவுட்டர் செட்டிங்ஸில் டிஹெச்சிபி பக்கத்தில் டிஎன்எஸ் இடத்தில் 192.168.10.5 போடுங்கள், ஐபிவி6 பக்கத்தில் டிஎன்எஸ் அறிவிப்பை நிறுத்துங்கள். விண்டோஸ் மெஷின்களுக்கும் சேர்த்துச் சரியாகிவிடும். சில பெட்டிகளில் அந்த இரண்டாவது வசதி இருக்காது. அப்படியானால் மட்டும் மெஷின் மெஷினாகப் போக வேண்டியதுதான்.

நொய்யல்கரை:
இருக்கிறது அண்ணா, 'அட்வான்ஸ்டு' உள்ளே ஒளித்து வைத்திருக்கிறார்கள். மாற்றிவிட்டேன். நன்றி.